உணவுப்பண்ட வாணிகமும் நடுவுநிலையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்திற் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியரிடமிருந்து இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பார்கள். யாமோ அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றின் விலையைப் பற்றிப் பேசத் துணிந்தோம். பள்ளியாசிரியர்க்கும் கடைக்கணக்கிற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். நம் சங்கத்துக் குடும்பங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அவ்வினாவிற்கு விடை கிடைத்துவிடும். ஒரு குடும்பத்தில் மூத்தவர் தோட்டத்தில் தக்காளியும் வெங்காயமும் பயிரிடுகின்றார். இளையவர் கடைத்தெருவில் மளிகையும் காய்கறியும் விற்கின்றார். அவ்விருவருக்கும் தங்கையானவள் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, மாதச் சம்பளத்தில் அதே பண்டங்களை விலைகொடுத்து வாங்குகின்றாள். விலை ஏறினால் தங்கை வருந்துகின்றாள். விலை இறங்கினால் மூத்தவர் வருந்துகின்றார். ஏறினும் இறங்கினும் நடுவில் நிற்கும் கடைக்காரர்மீதே இருவரும் குறை கூறுகின்றனர். அவரோ, வாடகையும் கூலியும் போக மிஞ்சுவது இன்னதென்று பிறர்க்குச் சொல்லவும் நாணி வாளாவிருக்கின்றார்.

எம்மிடம் படித்து வெளிச்சென்ற இளைஞர்கள் சிலர், "ஐயா, தந்தையார் நடத்திவந்த கடையைத் தொடர்ந்து நடத்துவதா, மூடிவிட்டு வேறு வேலை தேடுவதா?" என்று எம்மைக் கேட்பதுண்டு. கைப்பேசியில் தொட்ட அளவில் வீட்டு வாயிலிற் பண்டம் வந்திறங்கும் இக்காலத்தில் அக்கேள்வி விளையாட்டாகக் கேட்கப்படுவதன்று. ஆதலின், உழவர், வணிகர், வாங்குவோர் ஆகிய மூவரும் வாழத்தக்க விலை ஒன்று உண்டா, உண்டாயின் அதனைக் காண்பது எங்ஙனம் என்பதனையே இன்று ஆராய்வோம்.

முதற்கண், விலை என்பது யாது? வாங்கிய விலையும் விற்ற விலையும் ஆகிய இரண்டின் வேறுபாடு முழுதும் கடைக்காரரின் இலாபம் என்று வாங்குவோர் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. மண்டியிற் கொடுத்த விலையோடு தரகு, வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி ஆகியவை சேர்ந்தபின் பிறப்பதே அடக்க விலை. அதன்மேற் கடை வாடகை, மின்கட்டணம், உதவியாள் சம்பளம், கடன்பட்ட முதலுக்கு வட்டி, அழுகியும் உலர்ந்தும் போன சரக்கின் இழப்பு ஆகிய யாவும் ஏறவேண்டும். இவ்வளவும் ஏறியபின் எஞ்சுவதே கடைக்காரரின் ஊதியம். மூட்டையாக வாங்கியதைக் காற்கிலோவாகப் பிரித்துக் கொடுத்தலும், வைகறை முதல் இரவு வரை கடை திறந்திருத்தலும், கையிற் காசில்லாத நாளில் பற்றெழுதிக் கொடுத்தலும் உழைப்பேயாம். உழைப்பிற்குக் கூலி வேண்டும். கடைக்காரர் இலாபம் எடுப்பதே பாவம் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை.

பழந்தமிழ் வணிகரும் இலாபத்தை மறுத்தாரல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிய பகுதி ஒன்றுண்டு. கொள்ளுங்கால் உரிய அளவிற்கு மேற்பட அவர் கொள்வதில்லை. விற்குங்கால் அளவிற் குறைப்பதுமில்லை. விலையையும் மறைப்பதில்லை என்பது அங்கே அவர்க்குரிய சிறப்பாகக் கூறப்பட்டுள்ளது. கொள்ளுதல், விற்றல் என்னும் இரண்டிடத்தும் நேர்மை வேண்டும் என்பதனைக் கருத்தூன்றிக் காணுங்கள். வாங்குவோரிடம் நல்லவராக இருந்துகொண்டு உழவரிடம் வல்லவராக இருப்பது நடுவுநிலை ஆகாது.

நிற்க. இக்காலத்து நிலைமையைப் பார்ப்போம். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றின் விலைகளை ஆராய்ந்து 2024ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கி ஓர் ஆய்வுரையை வெளியிட்டது. வாங்குவோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவரைச் சென்றடைவது ஏறத்தாழ 33 காசு. வெங்காயத்திற்கு 36 காசு. உருளைக்கிழங்கிற்கு 37 காசு என்பது அதிற் கண்ட கணக்கு. பாலிலோ, உழவர் பங்கு ஏறத்தாழ 70 காசு என்று அவ்வங்கியின் ஆய்வுகளே கூறுகின்றன. பால் விற்பவர் எல்லாரும் அறவோர், தக்காளி விற்பவர் எல்லாரும் கொடியோர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? கொள்ளலாகாது. பாலுக்கு ஓர் ஒழுங்கு அமைந்துள்ளது. 1946ஆம் ஆண்டு குஜராத்தின் கெய்ரா மாவட்டத்திற் பதிவான பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் காட்டிய வழியில், நம் நாட்டிற் பல இடங்களிலும் காலையும் மாலையும் ஊரிலேயே பால் அளக்கப்படுகின்றது. கொழுப்பளவு கண்டு விலை கட்டப்படுகின்றது. காலந்தாழ்த்தாமல் நகரத்தை அடைந்து விற்றுப்போகின்றது. இடைக்கைகள் சில, வீணாவது சிறிது. தக்காளிக்கோ இடைக்கைகள் பல. கை மாறுந்தோறும் தரகு. கை மாறுந்தோறும் நசுங்கல். ஆகவே, உழவர் பங்கு குறைவதற்கு ஒருவரது பேராசையைக் காட்டிலும் ஒழுங்கின்மையே பெருங்காரணம் எனத் தெளிகின்றோம்.

இந்த ஒழுங்கின்மையைச் சரிசெய்ய முயலாமல், குறுக்கு வழியிற் கணக்கை நேர்செய்ய முற்படுவோர் செய்யும் பிழைகள் மூன்று.

ஒன்று, உழவரை நெருக்குதல். அவரது சரக்கு மாலைக்குள் வாடிவிடும் என்பதனை அறிந்து, பொழுது சாயும் வரை விலை பேசாமற் காத்திருப்பதும், பேசிய விலையை எடைபோட்ட பின் குறைப்பதும் இவ்வகையின. இதனால் இன்றைக்குச் சில ரூபாய் மிஞ்சலாம். அடுத்த பருவத்தில் அவ்வுழவர் நல்ல சரக்கை வேறிடம் கொண்டுபோய்விடுவார். அல்லது அப்பயிரையே விட்டுவிடுவார்.

இரண்டு, தட்டுப்பாட்டு நாளில் வாங்குவோரை நெருக்குதல். 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தக்காளி கிலோ 100 ரூபாயைக் கடந்ததனை நாம் மறந்திருக்க முடியாது. அப்போது சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு அரசினரே விற்க நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலோ விலை பாதாளத்தில் விழுந்து, பறிகூலிக்கும் கட்டாத தக்காளியை உழவர் கொட்டிச் சென்றனர். ஜூலையில் வாங்குவோரும் செப்டம்பரில் உழவரும் அழுதனர். ஏறிய விலையை உடனே ஏற்றியும், இறங்கிய விலையை மெல்ல மெல்ல இறக்கியும் வருவது கடைத்தெருவின் பழைய வழக்கம். இவ்வழக்கம் கல்லாவை நிரப்பினாலும், "இவர் நம்மவர்" என்னும் எண்ணத்தை வாங்குவோர் உள்ளத்திலிருந்து அகற்றிவிடும். அகன்றபின், கைப்பேசிக்காரர் 2 ரூபாய் குறைத்தால் அங்கே செல்வதற்கு அவர்க்குத் தடையென்ன?

மூன்று, எடையிலும் தரத்திலும் குறைத்தல். இது களவேயாதலின், இதனைப் பற்றி இவ்வவையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அற்றேல், உழவர்க்குக் கூட்டியும் வாங்குவோர்க்குக் குறைத்தும் கொடுத்தாற் கடை எங்ஙனம் நிற்கும்? இதற்கு விடையைக் கணக்கிலேயே காண்போம். எண்கள் விளக்கத்திற்காக யாம் கொண்டவை. உங்கள் கடை எண்களை இட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கடைக்காரர் 100 கிலோ தக்காளியைக் கிலோ 20 ரூபாய் வீதம் வாங்குகின்றார். விலை 2,000 ரூபாய். வண்டியும் கூலியும் 200 ரூபாய். ஆக 2,200 ரூபாய். அவற்றுள் 10 கிலோ நசுங்கியும் அழுகியும் போகின்றது. எஞ்சிய 90 கிலோவைக் கிலோ 28 ரூபாய்க்கு விற்றால் வரவு 2,520 ரூபாய். வாடகைக்கும் கூலிக்கும் தம் ஊதியத்திற்குமாக அவர் கையில் நிற்பது 320 ரூபாய். இனி, அவர் கழிவைப் 10 கிலோவிலிருந்து 5 கிலோவாகக் குறைத்துவிட்டார் எனக் கொள்வோம். உழவர்க்குக் கிலோவுக்கு 50 காசு கூட்டித் தருகின்றார்; செலவு 2,250 ரூபாய் ஆகின்றது. வாங்குவோர்க்கு 50 காசு குறைத்து 27 ரூபாய் 50 காசுக்கு விற்கின்றார். 95 கிலோவுக்கு வரவு 2,612 ரூபாய் 50 காசு. கையில் நிற்பது 362 ரூபாய் 50 காசு. உழவர்க்கு 50 ரூபாய் கூடிற்று. வாங்குவோர்க்குக் கிலோவுக்கு அரை ரூபாய் குறைந்தது. கடைக்காரர்க்கும் முன்னிருந்ததைவிட 42 ரூபாய் 50 காசு மிஞ்சிற்று. மூவருள் எவர் பங்கிலும் கைவைக்காமல் மூவர்க்கும் கொடுத்தது யாது? குப்பையிற் போய்க்கொண்டிருந்த 5 கிலோ தக்காளியே!

இது கற்பனைக் கழிவன்று. அறுவடைக்குப் பின் தக்காளியில் 100க்கு 12க்கு மேல் வீணாகின்றது என்று இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டது. அதனைக் குறைக்கும் வழிகள் அரியவையும் அல்ல. ஆழமான கூடையிலும் சாக்கிலும் அமுக்காமல், ஆழங்குறைந்த பெட்டிகளில் அடுக்கலாம். ஒரே நாளில் மலைபோல் வாங்காமல், விற்கும் அளவறிந்து இருமுறை வாங்கலாம். காயையும் பழத்தையும் பிரித்து, பழுத்ததை முதலில் விற்கலாம்; மாலையில் எஞ்சும் கனிந்த பழத்தை விலை குறைத்துத் தள்ளிவிடலாம். பழுத்த வாழைப்பழத்திலிருந்து எழும் எத்திலீன் என்னும் வாயு அருகிலுள்ள கீரையைப் பழுப்பாக்கிவிடும். ஆதலின் இரண்டையும் தள்ளி வைக்க வேண்டும். வெங்காயத்தோடு உருளைக்கிழங்கைச் சேர்த்துக் குவித்தலும் தகாது.

கழிவைப் போலவே கண்ணிற் படாத இழப்பு வேறிரண்டு உண்டு. ஒன்று, உறங்கும் சரக்கு. விற்காத பண்டம் அலமாரியில் ஆறு திங்கள் கிடந்தால், அதில் முடங்கிய பணத்திற்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய நிறுவனங்களின் பொட்டலப் பண்டங்களில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கின்றது. அதற்கு மேல் விற்றல் சட்டத்திற்கு மாறு. குறைத்து விற்றற்குத் தடையில்லை. பெருங்கடைகள் நிறுவனத்தாரிடம் நேரே பேரளவில் வாங்கி, அவ்விலையிற் குறைத்துத் தருகின்றன. விநியோகஸ்தரிடம் வாங்கும் சிறுகடை அத்துறையில் அவர்களோடு மல்லாடுதல் வீண். நம் வலிமை பக்கத்து ஊர்ப் பருப்பு, செக்கெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, அப்பளம், வடகம், அன்று பறித்த கீரை ஆகியவற்றில் உள்ளது. அவற்றை விளைத்தவரையும் செய்தவரையும் கடைக்காரர் அறிவார். அதனால் தரமும் அறிவார்.

மற்றொன்று, தாமதிக்கும் பணம். இன்று வரும் நாளை வரும் என்று பணத்திற்கு நடக்கும் உழவரும் அப்பளம் இடும் பெண்மணியும், அத்தாமதத்திற்கும் சேர்த்தே விலை சொல்லுவர். அன்றி, வட்டிக்கு வாங்கி வருந்துவர். பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளர்க்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிற் கண்ட நாளுக்குள், மிகினும் 45 நாட்களுக்குள், ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் விதிக்கின்றது. சட்டம் சொல்லும் நாள் வரை காத்திருத்தல் வேண்டா. கையோடு பணம் தருபவர்க்கே நல்ல சரக்கு முதலில் வரும். 1 ரூபாய் குறைத்தும் வரும்.

தாய்மார்களுக்கும் இவ்விடத்தில் ஒரு வேண்டுகோள். கடைக்காரர் உழவர்க்கு உடனே பணம் தரவேண்டுமாயின், நீங்கள் எழுதிவைத்த பற்று உரிய நாளில் தீரவேண்டும். பெருங்கடையிற் காசை எண்ணி வைத்துவிட்டு, தெருக்கடையிற் பற்றுச் சொல்லி வாங்கி மாதங்கடத்துதல் முறையா? பற்றின் வட்டியும் விலையிலேதான் ஏறுகின்றது. ஒழுங்காகக் கொடுப்பவரும் அதனைச் சுமக்கின்றனர்.

இனி, கூடி முயன்றோர் கண்ட பயனுக்குச் சான்றுகள் கூறுவோம். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் 28 பவுன் முதல் திரட்டி ஒரு சிறு கடை திறந்தனர். மாவிற் கலப்படமும், மீளாக் கடனும் ஏழைத் தொழிலாளரை வாட்டிய காலம் அது. அவர்கள் வெண்ணெய், சர்க்கரை, மாவு முதலிய சில பண்டங்களோடு தொடங்கினர். கலப்படமற்ற பண்டம், சரியான எடை, கைமேற் காசு என்பன அவர்தம் விதிகள். ஊர் விலைக்கே விற்று, செலவு போக எஞ்சியதை, அவரவர் வாங்கிய அளவிற்கேற்ப உறுப்பினர்க்கே பகிர்ந்தளித்தனர். அவ்வழியைப் பின்பற்றி நம் சென்னையில் 1904ஆம் ஆண்டு தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நூறாண்டு கடந்தும் நடைபெற்று வருகின்றது. விலையைக் கண்மூடித்தனமாகக் குறைத்து அவர்கள் நிலைபெறவில்லை. கணக்கைத் திறந்து காட்டி நிலைபெற்றனர்.

அண்மைச் சான்று உழவர் சந்தை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. மொத்த விலைக்கு ஏறத்தாழ 100க்கு 20 கூட்டியும், சில்லறை விலைக்கு ஏறத்தாழ 100க்கு 15 குறைத்தும் நாள்தோறும் விலை கட்டிப் பலகையில் எழுதுதல் அதன் முறை. இடைக்கை குறைந்தால் இருபுறத்தாரும் பயனடைவர் என்பதனை அது மெய்ப்பித்தது. ஆயினும், அரைநாள் உழைப்பை விட்டுச் சந்தையில் அமர எல்லா உழவர்க்கும் இயலாது. காலையிற் சந்தைக்குச் செல்ல எல்லா வீட்டார்க்கும் இயலாது. ஆதலின் கடை வேண்டும். உழவர் சந்தையிடமிருந்து கடைக்காரர் கற்கவேண்டியது அந்த விலைப்பலகையை.

இவற்றையெல்லாம் கருதி, சங்கத்தின் முன் மூன்று கருத்துக்களை வைக்கின்றோம்.

முதலாவது, நம் உறுப்பினர் கடைகளில் நாள்தோறும் ஐந்து காய்கறிகளுக்கேனும் வாங்கிய விலை, வண்டியும் கூலியும் சேர்ந்த அடக்க விலை, விற்கும் விலை ஆகிய மூன்றையும் பலகையில் எழுதிவைத்தல் வேண்டும். இலாபம் வெளிப்பட்டுவிடுமே என அஞ்சுவோர் உண்டு. நேர்மையான இலாபம் வெளிப்பட்டால் வாங்குவோர் கடைக்காரரின் உழைப்பை அறிவர். மறைத்துவைத்தால் உள்ளதற்கு மும்மடங்காகவே எண்ணுவர்.

இரண்டாவது, பத்துக் கடைக்காரர் கூடி ஒரே வண்டியில் தோட்டத்திலிருந்தே சரக்கெடுத்து, வண்டி வாடகையையும் தரகையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால், "எல்லாக் கடையிலும் இன்ன விலைக்குக் குறையாமல் விற்போம்" என்று கட்டுப்பாடு செய்துகொள்ளுதல் கூடாது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்திற்கு அது மாறு. அதனினும், வாங்குவோர்க்கு எதிரான சதியாக முடியும். கூடி வாங்குதலும் உழவரை நெருக்கும் கருவியாகிவிடலாகாது. எனவே, மீந்த வாடகையிலும் தரகிலும் உழவர்க்கு ஒரு பங்கு என்பதனை முதல் நாளே எழுதிவைத்தல் நன்று.

மூன்றாவது, தென்னாட்டு வணிகர் மூட்டைக்கு இவ்வளவென்று மகமை திரட்டிப் பொதுப்பணி செய்த வழக்கம் நமக்குப் புதிதன்று. அவ்வழியில் ஒரு சிறு நிதி அமைத்து, கடைக்காரர் உழவர்க்கு அன்றன்றே பணம் தருவதற்கு வட்டியில்லாக் கைமாற்றாக அதனை வழங்கலாம். பதினைந்து நாளில் திரும்பிவரும் பணம் அது. இருந்த இடத்திலேயே இருந்து பலர்க்கு உதவும்.

கடையை மூடலாமா என்று கேட்ட இளைஞர்க்கு எம் விடை இதுவே: மூடுமுன் மூன்று திங்கள் கணக்கெழுதிப் பாருங்கள். நாள்தோறும் குப்பையிற் போட்டதை நிறுத்து எழுதுங்கள்; உறங்கும் சரக்கை எழுதுங்கள்; கொடுக்க வேண்டியதையும் வரவேண்டியதையும் நாளிட்டு எழுதுங்கள். அம்மூன்றையும் திருத்திய பின்னரும் கடை உங்களைக் காக்கவில்லையாயின், வேறு தொழில் தேடுவதில் இழுக்கில்லை. திருத்தாமலே மூடிவிட்டால், உங்களையன்றி, காலையிற் கூடை சுமந்து வரும் உழவரும், தொலைவு நடக்கவியலாத முதியோரும் சேர்ந்தே இழப்பர். அவ்விருவரும் பெரும்பாலும் நம் வீட்டாராகவே இருப்பர்.

பலகையையும் வண்டியையும் நிதியையும் பற்றி அடுத்த கூட்டத்திற்குள் கடைக்காரர்களும் உழவர்களும் தாய்மார்களும் தத்தம் கருத்தைச் செயலாளர்க்கு எழுத்து வாயிலாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளுகின்றோம்.